மைனஸ் 40இல் காலையில் ஸ்டார்ட் ஆகும் பிக்கப் எது?

டொரன்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டனில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கனடாவின் வடமேற்குப் பகுதியில் யெல்லோநைஃப் நகரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபரில் போய்ச் சேர வேண்டும். வாடகை வீடு, கராஜ் கிடையாது, வண்டி வெளியில்தான் நிற்கும். வேலைக்கு எட்டு கிலோமீட்டர். வருடத்துக்கு இரண்டு முறை தெற்கே இருக்கிற பெரிய நகரமான எட்மன்டன் போய்வர வேண்டியிருக்கும், எப்போதாவது ஒரு சின்ன டிரெய்லர் இழுக்க வேண்டும். கையில் 40,000 டாலர். "டீசலா பெட்ரோலா, எந்தக் கம்பெனி, இங்கேயே வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் நாமக்கல்காரன். அப்பாவுக்கு லாரிப் பட்டறை. ஸ்பேனர் பிடிக்கக் கற்றது அங்கே. வண்டி உறைந்துபோகும் என்று கற்றது இங்கே. பன்னிரண்டு குளிர்காலமாக யெல்லோநைஃபில் வண்டி பராமரிப்பு வேலையில்தான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அது ஓடுவதை நினைத்தே வாங்குகிறார்கள். எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு இழுக்கும், எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார்கள். இங்கே வண்டிக்குச் சோதனை அது நிற்கிற நேரத்தில்தான். இரவு எட்டு மணிக்கு நிறுத்தினால் காலை ஏழு வரை பதினோரு மணி நேரம், மைனஸ் 38இல் இரும்பு முழுக்க வெளிக்குளிருக்கு இறங்கிவிடும். இந்த ஊரில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 25ஐ ஒட்டி இருக்கும். மைனஸ் 40 என்பது வருடா வருடம் வந்து சில நாள் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி. மைனஸ் 51 வரை பதிவாகியிருக்கிறது. ஓடத் தொடங்கிவிட்ட வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடும். அந்தப் பதினோரு மணி நேரத்தைத் தாண்டி எழுந்திருக்கிற வண்டி எது என்பதை மனதில் வைத்துத் தேர்வு செய்யுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

முதலில் அந்தக் காலை நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண ஈய அமில பேட்டரி மைனஸ் 18இல் கோடையில் கொடுக்கிற சக்தியில் ஏறக்குறைய பாதிதான் கொடுக்கும். மைனஸ் 40இல் அதிலும் இன்னும் குறையும். அதே நேரத்தில் ஆயில் தேன்பாகு மாதிரி கெட்டியாகி, இன்ஜினைச் சுற்றுவதற்குக் கோடையைவிடப் பல மடங்கு பலம் கேட்கும். கொடுக்கிறவன் கை இளைக்கும்போது கேட்கிறவன் பசி கூடுகிறது. செல்ஃப் மோட்டார் 'ர்ர்... ர்ர்...' என்று இழுத்து நின்றுவிடும். இரண்டு மூன்று தடவை முயன்று பேட்டரியை வடித்துவிட்டால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 50இலும் உறையாது. வடிந்துபோன பேட்டரி மைனஸ் 10ஐச் சுற்றியே உறைந்துவிடும். உறைந்தால் உள்தகடு வளைந்து ஓடு வெடித்துப்போகும். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது.

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ, 0டபிள்யூ என்று போட்டிருப்பதை நம் ஊரில் யாரும் பார்க்க மாட்டோம். இங்கே அந்த எழுத்துதான் உயிர். 5டபிள்யூ ஆயில் மைனஸ் 35 வரைக்கும் பம்ப் இழுக்கிற அளவுக்கு ஓட வேண்டும், 0டபிள்யூ மைனஸ் 40 வரைக்கும் ஓட வேண்டும் என்பதுதான் தரவிதி. அதற்குக் கீழே போனால் இன்ஜின் சுற்றினாலும் ஆயில் மேலே ஏறாது. பேரிங்குகள் வறண்டு உராயும். அதனால் வாங்குகிற வண்டியின் கையேடு 0டபிள்யூ ஆயிலைச் சொல்கிறதா, குறைந்தபட்சம் கடுங்குளிருக்கு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பின் அச்சின் பற்சக்கரப் பெட்டியான பின் ஹவுசிங்கிலும், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸிலும் இதே கதைதான். 80டபிள்யூ கியர் ஆயில் இருந்தால் காலையில் வண்டி நகராமல் முனகும். 75டபிள்யூ சிந்தெட்டிக் போட வேண்டும்.

சரி, டீசலா பெட்ரோலா? உங்கள் உபயோகத்துக்குப் பெட்ரோல்தான். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. டீசல் மேல் எனக்கு வெறுப்பில்லை. நான் வளர்ந்ததே டீசல் வாசத்தில். ராம் வண்டியில் வரும் 6.7 லிட்டர் கம்மின்ஸ், ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் 6.7 பவர் ஸ்ட்ரோக், ஜிஎம்மின் 6.6 டியூராமேக்ஸ் மூன்றுமே பெரிய வேலைக்காரன்கள். தினமும் நான்கு டன் இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு எட்டு கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் டீசல் இன்ஜின் சூடேறவே சூடேறாது. புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடும் தொடர்ந்த ஓட்டமும் வேண்டும். அது கிடைக்காமல் பாதியில் நின்று நின்று அடைத்துக்கொள்ளும். ஐடிலிங்கில் விட்டு சூடேற்றலாம் என்று நினைக்காதீர்கள். டீசல் சும்மா ஓடும்போது உண்டாகிற வெப்பம் மிகக் குறைவு. மைனஸ் 40இல் ஐடிலிங்கில் இருக்கும் டீசலின் கேபின் ஹீட்டர் வெதுவெதுப்பாகக்கூட வராது. புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற யூரியா திரவம் மைனஸ் 11இலேயே உறையும். தொட்டியில் ஹீட்டர் உண்டு, அதனால் வண்டி ஓடும். ஆனால் பழுதாக இன்னும் ஒரு பொருள் கூடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

அப்புறம் எரிபொருள். டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. குளிரில் அந்த மெழுகு பிரிந்து கூழாகி வடிகட்டியை அடைக்கும். அதனால் வடக்கே குளிர்கால டீசல் என்று தனியாக வரும். இங்கே இருக்கிற பெட்ரோல் பங்க்குகளில் காலத்துக்கு ஏற்றபடி மாற்றிவிடுவார்கள். சிக்கல் எப்போது வரும் என்றால், தெற்கே இதமான வானிலையில் டாங்கியை நிரப்பிக்கொண்டு ஒரே ஓட்டமாக வடக்கே ஏறி வந்து இரவில் நிறுத்துகிறபோதுதான். காலையில் டாங்கி முழுக்க நெய் உறைந்த மாதிரி நிற்கும். இது கனடாவுக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. லடாக்கில் இதற்காகவே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பெல்லாம் அங்கே லாரிக்காரர்கள் மண்ணெண்ணெய் கலந்து சமாளித்தார்கள். இன்றைய டீசல் இன்ஜின்களில் அந்தக் கைவைத்தியம் செய்தால் பம்பும் இன்ஜெக்டரும் கெட்டுப்போகலாம்.

மின்சார பிக்கப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சூடான கராஜ் வைத்திருக்கிறவர், ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலையே அவருக்கு இல்லை. உங்களுக்குக் கராஜ் இல்லை. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே அப்படியே சார்ஜ் செய்ய முடியாது, முதலில் அதைச் சூடாக்க வேண்டும். ஓடும் தூரமும் கடுமையாகக் குறையும். எட்மன்டனுக்கு ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர். இப்போதைக்கு வேண்டாம்.

பெட்ரோலில் எது என்று வருவோம். டர்போ இல்லாத, காலம் பார்த்த வி8 இன்ஜின் தேடுங்கள். டர்போ இன்ஜின்கள் மோசம் என்று சொல்லவில்லை, இங்கே நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. ஆனால் நான் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இன்ஜின் மூச்சுவிடும் குழாய் ஒன்று உண்டு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி உள்ளே கசிகிற வாயுவையும் ஈரத்தையும் மறுபடி காற்றுப் பாதைக்கு அனுப்புகிற குழாய். சிறிய தூரமே ஓடுகிற வண்டியில் அந்த ஈரம் ஆவியாகிப் போகாமல் குழாயிலேயே தங்கி உறையும். என் நான்காவது குளிர்காலத்தில், ஒரு காலை, மைனஸ் 41. எங்கள் நிறுவனத்து வண்டி ஒன்று ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தாண்டி நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் வண்டிக்கு அடியில் பனி முழுக்கக் கறுப்பு. மூச்சுக்குழாய் வாயில் விரல் பருமனுக்கு ஐஸ் கட்டியாக அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் போக வழியில்லாமல், கிராங்க் முன்சீலைப் பிதுக்கித் தள்ளிக்கொண்டு ஆயில் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. இன்ஜினை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வண்டி தினமும் ஆறேழு கிலோமீட்டர் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த வண்டி. ஓட்டுநர் அந்த வாரம்தான் முதன்முறையாக அதை நெடுஞ்சாலைக்கு எடுத்திருந்தார். குழாய் நீளமாக, வெளிக்காற்று படுகிற மாதிரி ஓடும் இன்ஜின்களில் இந்த ஆபத்து கூடுதல். வாங்குமுன் பானெட்டைத் திறந்து அந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். இன்ஜினின் சூட்டோடு ஒட்டிக் கிடந்தால் நல்லது. எந்த வண்டியாக இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் ஈரம் சேர்கிறது என்று அர்த்தம்.

என் கண்ணில் உங்களுக்குப் பொருத்தமானவை இரண்டு. ஒன்று, 5.7 லிட்டர் வி8 வைத்த டொயோட்டா டண்ட்ரா. 2007 முதல் 2021 வரை அந்த இன்ஜினோடு வந்தது. கையேடே 0டபிள்யூ-20 ஆயிலைச் சொல்கிறது. இன்ஜின் எளிமையானது, நன்றாக உழைத்துப் பெயர் வாங்கியது. பெட்ரோல் குடிக்கும், குளிர்காலத்தில் 100 கிலோமீட்டருக்கு 16 லிட்டருக்கு மேல் எதிர்பாருங்கள். இரண்டாவது, 5.0 லிட்டர் வி8 வைத்த ஃபோர்டு எஃப்-150. 2015 மாடலிலிருந்து அதன் உடம்பு அலுமினியம், துருப்பிடித்து ஓட்டை விழாது. சேஸ் மட்டும் இரும்பு. ஊரில் எத்தனை ஓடுகிறதோ அத்தனைக்கு உதிரிபாகமும் கைப்பழக்கமும் இருக்கும், அந்த வகையில் எஃப்-150க்கு இங்கே குறையே இல்லை. ஷெவர்லே சில்வராடோ 5.3ம் நல்ல வண்டிதான். அதில் சில சிலிண்டர்களை ஓடும்போதே அணைத்து வைக்கும் ஏற்பாடு இருப்பதால் ஆயில் மாற்றிய கணக்கு ஒழுங்காக இருக்கிற வண்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும். டொயோட்டாவின் சிறிய பிக்கப்பான டகோமா வாங்கலாமா என்றால், ஒரு ஆளுக்குப் போதும், டிரெய்லர் சிறியதாக இருந்தால் தாராளம்.

டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 2007இல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக் குழு ஹைலக்ஸில் காந்த வட துருவத்தை நோக்கிப் போனதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டி கனடாவில் விற்பனையில் இல்லை. அந்தப் பயணத்துக்குப் போன வண்டிகளை ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் 38 அங்குல டயர், கூடுதல் ஹீட்டர் என்று அடியோடு மாற்றித் தந்தது. கடையில் வாங்கிய வண்டி அப்படியே போய்விடவில்லை.

கம்பெனி பெயரைவிட முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. பிளாக் ஹீட்டர். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்குள் நேராக இறங்கியிருக்கிற மின்சூடேற்றி; வயர் முன்பக்க கிரில் வழியாக வெளியே தொங்கும். எட்மன்டனிலோ இங்கேயோ கார் நிறுத்தும் இடங்களில் தூணுக்குத் தூண் பிளக் பாயின்ட் இருப்பது இதற்காகத்தான். அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தைய தலைமுறை இரவில் ஆயிலை வடித்து வீட்டுக்குள் எடுத்துப் போய் வைத்து, காலையில் சூடாக ஊற்றியது. அந்த மனிதரை நான் குளிர்காலம் முழுக்க நன்றியோடு நினைக்கிறேன்.

ஹீட்டர் இருக்கிறது என்பது போதாது, வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய வண்டி வாங்கி ஒரு மாதம் தினமும் ஒழுங்காக வயரைச் சொருகினார். முதல் மைனஸ் 35 வந்த அன்று வண்டி எழவில்லை. சோதித்தால் உள்ளே கம்பி எப்போதோ கருகிப்போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். வயர் நுனியில் இருக்கிற பிளக்கின் இரண்டு பின்களுக்கும் நடுவில் ஓம் அளந்து பாருங்கள். 120 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டருக்கு 14 ஓம், 600 வாட்டுக்கு 24, 400 வாட்டுக்கு 36 என்று ஏறக்குறைய வர வேண்டும். எதுவும் காட்டவில்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் வயரிலேயே தெர்மோஸ்டாட் வைத்திருப்பார்கள், நல்ல குளிர் வந்தால்தான் இணைப்பு கொடுக்கும். அப்படிப்பட்ட வண்டியில் இதமான நாளில் அளந்து, கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். வேலை செய்கிற ஹீட்டரைச் சொருகிய சில நிமிடங்களில் அடுப்பில் வைத்த கெட்டில் மாதிரி மெல்லிய இரைச்சல் கேட்கும். காதை வைத்துக் கேளுங்கள்.

இரவு முழுக்கச் சொருகி வைக்க வேண்டியதில்லை. 1000 வாட் என்றால் பத்து மணி நேரத்துக்குப் பத்து யூனிட். இங்கே கரண்ட் மலிவில்லை. ஒரு டைமர் வாங்கி, கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் ஓட விடுங்கள், மைனஸ் 40க்கும் அது போதும். எக்ஸ்டென்ஷன் வயர் கடுங்குளிருக்கென்று விற்கிற வகையாக இருக்கட்டும். சாதாரண வயர் இந்தக் குளிரில் குச்சி மாதிரி விறைத்து, வளைத்தால் மேல்தோல் உடையும். பிளாக் ஹீட்டரோடு பேட்டரியைச் சுற்றிப் போர்த்துகிற சூடேற்றும் போர்வை ஒன்றும், ஆயில் பேனுக்கு அடியில் ஒட்டுகிற பேடு ஒன்றும் போட்டுவிடுங்கள். கூலன்ட் சூடாகி ஆயில் உறைந்து கிடந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. மூன்றையும் ஒரே பிளக்கில் சேர்த்துக் கட்டிக் கொடுக்க இங்கே பட்டறைகளில் ஒரு நாள் வேலை.

பேட்டரி வாங்கும்போது சிசிஏ என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 வினாடி எத்தனை ஆம்பியர் கொடுக்க முடியும் என்பதுதான் அது. தட்டில் உட்காருகிற அளவில் கிடைப்பதிலேயே பெரிய எண்ணை வாங்குங்கள், அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கிற ஏஜிஎம் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து வருடம் ஆன பேட்டரியோடு இங்கே நவம்பருக்குள் நுழையாதீர்கள்.

கூலன்ட்டில் பாதி கிளைக்கால் என்கிற உறையாமல் காக்கும் திரவம், பாதி தண்ணீர் என்றால் மைனஸ் 37 வரை தாங்கும். இங்கே அது போதாது. 60 பங்கு கிளைக்கால், 40 பங்கு தண்ணீர் என்று வைத்தால் மைனஸ் 52 வரை போகும். கூட ஊற்றினால் கூடத் தாங்கும் என்று நினைத்து முழுக்க கிளைக்காலை ஊற்றுகிறவர்கள் உண்டு. தண்ணீர் கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13இலேயே உறைந்துவிடும். கலவையில்தான் அதன் பலமே இருக்கிறது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி, பிராம்ப்டனிலேயே வாங்கலாமா. வேண்டாம். தென் ஒன்டாரியோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். எட்டு வருடம் அங்கே ஓடிய பிக்கப்பின் அடியில் படுத்துப் பார்த்தால் சேஸ், பிரேக் பைப், கமான்பட்டையின் தொங்கல் எல்லாம் செதில் செதிலாக உரியும். இங்கே உப்புப் போடுவதில் பெரிய பயனில்லை. சாதாரண உப்பு மைனஸ் 10ஐத் தாண்டினாலே திணறும், மைனஸ் 21க்குக் கீழே பனியை உருக்கவே உருக்காது. அதனால் சிறு ஜல்லியைத் தூவுகிறார்கள். விளைவு, இந்த ஊர் வண்டிகளுக்கு அடிப்பாகம் நன்றாக இருக்கும், முன்கண்ணாடியில் விரிசல் இருக்கும். கண்ணாடியை மாற்றிவிடலாம், சேஸை மாற்ற முடியாது. எட்மன்டன் வரை விமானத்தில் வந்து அங்கே வாங்கி ஓட்டிக்கொண்டு வாருங்கள். அங்கே பல வண்டிகளில் பிளாக் ஹீட்டர், ரிமோட் ஸ்டார்ட்டர் எல்லாம் முந்தைய ஆளே போட்டிருப்பார். ஒன்டாரியோவிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிற செலவும் மிச்சம்.

ஃபோர் வீல் டிரைவ் வகையைக் கவனியுங்கள், பலர் கவனிப்பதில்லை. சாதாரணப் பகுதிநேர ஃபோர் வீலை ஈரமில்லாத தார்ச்சாலையில் போட்டு ஓட்டக் கூடாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டு, திருப்பும்போது இழுத்துக்கொண்டு பற்சக்கரங்களைத் தின்னும். இங்கே நெடுஞ்சாலை ஐந்து கிலோமீட்டர் வறண்ட தார், அடுத்த வளைவில் பனிக்கட்டி, மறுபடி தார் என்று மாறி மாறி வரும். 'ஆட்டோ' என்று ஒரு நிலை இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்தால் அதை அப்படியே போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். சில்வராடோவில் பல வகைகளில் வரும். எஃப்-150இல் லேரியட்டும் அதற்கு மேலும் உள்ள விலை கூடிய வகைகளில் பாருங்கள். டண்ட்ரா 5.7இல் அது கிடையாது, அது ஒன்றுதான் அந்த வண்டி மேல் எனக்குள்ள குறை. எதுவானாலும் பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டி காலியாக இருந்தால் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. அச்சுக்கு நேர் மேலே நாலைந்து மணல் மூட்டையைக் கட்டி வையுங்கள். சிக்கிக்கொண்டால் அதே மணலைச் சக்கரத்துக்கு அடியில் கொட்டலாம்.

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று சிகர மலைக்குள் பனிச்சில்லு போட்ட முத்திரை இருக்கிற உண்மையான குளிர்கால டயர் நான்கு, இரும்பு ஆணி வைத்தது. பிராம்ப்டனில் நீங்கள் ஓட்டுகிற ஆல் சீசன் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே இறுகத் தொடங்கும். 20 அங்குல அழகு ரிம் வேண்டாம். 17 அல்லது 18 அங்குலம், உயரமான பக்கச்சுவர், அதுதான் குழியிலும் உறைந்த பனிமேட்டிலும் அடி வாங்கித் தாங்கும். காற்றழுத்தம் ஒவ்வொரு ஐந்தரை டிகிரி இறக்கத்துக்கும் ஒரு பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரியில் உள்ள பட்டறையில் 35 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மைனஸ் 40இல் வெளியே விட்டால் 25 ஆகிவிடும். அதனால் வெளியில் குளிரில் வைத்தே காற்றுப் பிடியுங்கள். காலையில் முதல் ஒரு கிலோமீட்டர் வண்டி கட்டாந்தரையில் மாட்டுவண்டி போவது மாதிரி தடதடவென்று போகும், பயப்படாதீர்கள். இரவெல்லாம் நின்ற இடத்தில் டயர் தட்டையாக உறைந்திருக்கும், மெதுவாக ஓட்டினால் உருண்டையாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மைனஸ் 30இல் ஐஸ் மேல் இருக்கிற பிடிப்பு மைனஸ் 3இல் இருக்காது. கடுங்குளிரில் ஐஸ் வறண்டு கரகரப்பாக இருக்கும். அதனால் அக்டோபரும் ஏப்ரலும்தான் அதிகம் வழுக்குகிற மாதங்கள், நீங்கள் வருவது அக்டோபரில்.

உள்ளே துணி இருக்கை எடுங்கள். இந்தக் குளிரில் தோலும் ரெக்ஸினும் பலகை மாதிரி இறுகும், பழையதாக இருந்தால் உட்கார்ந்ததும் வெடிக்கும். சீட் ஹீட்டர், ஸ்டியரிங் ஹீட்டர் இருந்தால் அதை ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். கதவைத் திறக்கும் கைப்பிடி உறுதியான இயந்திரக் கைப்பிடியாக இருக்கட்டும். கதவு ரப்பருக்கு வந்த முதல் வாரத்திலேயே சிலிக்கான் தடவுங்கள், இல்லாவிட்டால் கதவு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் ரப்பர் கையோடு வரும். முகப்பு விளக்கு எல்இடி என்றால் வெளிச்சம் அருமை, ஆனால் அது சூடாவதில்லை. பனி கொட்டும்போது கண்ணாடியில் படிந்து மூடிவிடும், இடையிடையே இறங்கித் துடைக்க வேண்டும். பழைய ஹாலஜன் விளக்கு அந்தப் பனியைத் தானே உருக்கிக்கொள்ளும். வண்டியைத் தூக்கி உயரமாக்குவது, பெரிய பம்பர் இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை.

வண்டி பார்க்கப் போகும்போது முடிந்தால் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். விற்கிறவர் முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். முதல் தடவை செல்ஃப் அடிக்கும் சத்தம், எழுந்த முதல் பத்து வினாடியில் வருகிற தட்டல், புகையின் நிறம், இவை மூன்றும் எந்த ஆவணத்தையும்விட அதிகம் சொல்லும். ஒரு சுயாதீன பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள், மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். வாங்கியதும் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஆயில், கூலன்ட், பேட்டரி, பின் ஹவுசிங் ஆயில் நான்கையும் எட்மன்டனிலேயே மாற்றிவிடுங்கள். இரண்டாயிரம் டாலரை வண்டி விலையிலிருந்து இதற்காக ஒதுக்கி வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: மைனஸ் 40க்கான தூக்கப்பை, மண்வெட்டி, இழுவைக்கயிறு, மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் ஒரு தகரக் குவளையும், உலர் உணவு. நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில் செல்போன் எடுக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை வாங்கிவிடுங்கள். பனியில் சிக்கி இன்ஜினை ஓடவிட்டு உட்கார நேர்ந்தால் முதலில் இறங்கிப்போய் புகைக்குழாய் வாயைப் பனியிலிருந்து தோண்டி விடுங்கள். அது அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும்.

வரும் வழியில் ஃபோர்ட் பிராவிடென்ஸில் கட்டாயம் டாங்கியை நிரப்புங்கள், பாதி இருந்தாலும் நிரப்புங்கள். 2012இல் மெக்கன்சி ஆற்றின் மேல் டெ சோ பாலம் திறந்ததிலிருந்து ஆறு உறையும் பருவத்திலும் வழி தடைபடுவதில்லை. ஆனால் அங்கிருந்து யெல்லோநைஃப் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் பெச்சோக்கோ என்ற ஊர் ஒன்றுதான், அதுவும் யெல்லோநைஃபுக்கு நூறு கிலோமீட்டர் கிட்டத்தில். அந்த நடுத்துண்டில் காட்டெருமைகள் சாலையிலேயே நிற்கும், படுத்தும் கிடக்கும். ஒரு டன் வரை கனக்கிற கறுப்பு உடம்பு, இருட்டில் எளிதில் கண்ணில் படாது. பகல் வெளிச்சத்தில் அந்தத் துண்டைக் கடக்கிற மாதிரி கிளம்புங்கள். அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள், வண்டியைக் கொண்டுவாருங்கள். அந்த ஹீட்டர் வயரை நானே அளந்து பார்த்துத் தருகிறேன்.